யாருடையது?



சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாறு கடலொடு கலக்கும் இடத்திற்குச் சற்றுத் தெற்கே, பெசன்ட் நகர் என்னும் குடியிருப்பு அமைந்துள்ளது. அதன் கீழ்த்திசையில் விரிந்து கிடக்கும் மணற்பரப்பை ஆங்கிலத்தில் ‘எலியட்ஸ் பீச்’ என்று வழங்குகிறார்கள். நகரின் பெயர், 1907 முதல் 1933 வரை பிரம்மஞான சங்கத்தின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரை நினைவூட்டுவது. கடற்கரையின் பெயர், எலியட் என்ற ஆங்கில அதிகாரியை நினைவூட்டுவது. அடுத்தடுத்துக் கிடக்கும் இவ்விரண்டு பெயர்களையும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். ‘எலியட்ஸ்’ என்பதன் ஈற்றில் ஒரு ‘ஸ்’ ஒலிக்கிறது. ‘பெசன்ட்’ என்பதன் ஈற்றிலோ ஒன்றும் ஒலிக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு?

விடை எளிது. முன்னது ஆங்கில வழக்கில் அமைந்த பெயர். பின்னது தமிழ் வழக்கில் அமைந்த பெயர். ஒரு பொருளுக்கும் மற்றொரு பொருளுக்கும் உள்ள உரிமைத் தொடர்பைக் காட்ட ஆங்கிலம் ஓர் ஒலியைச் சேர்க்கிறது. தமிழோ, விரும்பினால் உருபைச் சேர்க்கும். விரும்பினால் அவ்வுருபை மறைத்துவிடும். மறைந்து நிற்பதைத்தான் நம் இலக்கண நூலார் வேற்றுமைத் தொகை என்றனர். ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்கள் இந்த ‘ஸ்’ ஒலியிலும் அதன் மேற்குறியிலும் இடறி விழுவது நாம் அறிந்ததே. அவ்வாறு இடறாமல் நடக்க நமக்குத் துணையாக நிற்பது நம் சொந்த இலக்கணமே என்பதை இப்பேச்சில் எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

முதலில் இடர் எங்கே இருக்கிறது என்று காண்போம். வானொலி செவிக்கு உரியது. இங்கே எழுத்தைக் கண்ணால் காண இயலாது. நான் ‘பாய்ஸ்’ என்று சொல்கிறேன். அது பல சிறுவர்களைக் குறிக்கிறதா? ஒரு சிறுவனுடைய பொருளைக் குறிக்கிறதா? பல சிறுவர்களுடைய பொருளைக் குறிக்கிறதா? உங்கள் செவி விடை கூறாது. மூன்றும் ஒரே ஒலி. எழுதும்போதுதான் வேறுபாடு தோன்றும். முதலதற்கு மேற்குறியே இல்லை. இரண்டாவதற்கு ‘எஸ்’ எழுத்துக்கு முன்னே மேற்குறி. மூன்றாவதற்கு ‘எஸ்’ எழுத்துக்குப் பின்னே மேற்குறி. மேற்குறி என்று நான் கூறுவது, எழுத்தின் தலைப்பக்கத்தில் கொக்கி போல இடப்படும் அப்பாஸ்ட்ரஃபி என்னும் சிறு குறியை.

இச்சிறு குறியால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் எண்ணலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். மூன்று தம்பியரை உடைய ஒருவர் ஆங்கிலத்தில் உயில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மை பிரதர்ஸ் சன்ஸ்’ தம் நிலத்தைப் பெற வேண்டும் என்று எழுதுகிறார். மேற்குறி ‘எஸ்’ எழுத்துக்கு முன் நின்றால், ஒரு தம்பியின் பிள்ளைகளுக்கே நிலம். பின் நின்றால், மூன்று தம்பியரின் பிள்ளைகளுக்கும் நிலம். குறி விடுபட்டுப் போயிற்றாயின், வழக்குமன்றத்தின் வாயிலை மிதிக்க வேண்டியதுதான். ஒரு துளி மையின் இடமாற்றம் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடக் கூடும். ஆகவே, இது தேர்வில் கிடைக்கும் ஒரு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

இதையே தமிழில் எழுதினால் என்ன ஆகும்? ‘தம்பியின் மகன்கள்’ என்றால் ஒருவர். ‘தம்பியரின் மகன்கள்’ என்றால் பலர். செவியே வேறுபாட்டை உணர்ந்துகொள்ளும். ஆனால், நம் மொழிக்கும் ஒரு பள்ளம் உண்டு. உருபை மறைத்துத் ‘தம்பி மகன்கள்’ என்று எழுதிவிட்டால், ஒரு தம்பியா பல தம்பியரா என்ற ஐயம் இங்கேயும் எழும். ஆங்கிலம் குறியைக் கண்ணுக்குக் காட்டிச் செவிக்கு மறைக்கிறது. தமிழ் சில வேளைகளில் இரண்டுக்கும் மறைத்து, கருத்துக்கு விட்டுவிடுகிறது.

மறைந்து நிற்கும் இவ்வுருபு நம் வாழ்வில் எங்கும் பரவியிருக்கிறது. ‘புலித்தோல்’ என்கிறோம், புலியினது தோல் என்று விரிக்கிறோம். ‘கண்ணன் கை’ என்கிறோம். கண்ணனது கை என்று விரிக்கிறோம். நம் பெயருக்கு முன் இடும் தலைப்பெழுத்துக்கூட இவ்வகையினதே. மு. வரதராசன் என்னும்போது, அந்த ‘மு’ முனுசாமி என்னும் தந்தையின் பெயரைச் சுட்டி நிற்கிறது. ‘இன்னாருடைய மகன்’ என்னும் நீண்ட தொடர் ஒரே எழுத்தில் ஒடுங்கிவிட்டது.

இனி, இந்த ஆங்கில உருபு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பழைய ஆங்கிலத்திலும் தமிழைப் போலவே பெயர்கள் வேற்றுமை உருபுகளை ஏற்று வந்தன. ஆண்பால், அலிப்பால் பெயர்கள் பலவற்றுக்கு உரிமைப் பொருளில் ‘எஸ்’ என்று ஒலிக்கும் ஓர் ஈறு இருந்தது. காலம் செல்லச் செல்ல, அவ்வீற்றில் இருந்த உயிரொலி பெரும்பாலான சொற்களில் தேய்ந்து மறைந்தது. ‘ஸ்’ ஒலி மட்டும் எஞ்சியது. ஓர் எழுத்து மறைந்துவிட்டது என்பதைக் காட்டும் மேற்குறி, 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி ஆங்கில அச்சுக்குள் புகுந்தது. ஒருமைப் பெயரின் உரிமையைக் காட்ட அதைப் பரவலாகப் பயன்படுத்தும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. பன்மைக்கு ‘எஸ்’ எழுத்தின் பின்னே இடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. மாணவர்களே, நீங்கள் அஞ்சும் இவ்விதி மிகப் பழமையானது அன்று. அச்சுக்கூடங்களில் மெல்ல மெல்ல உருவான ஏற்பாடு.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் சிலர் ‘அரசன் அவனது முடி’ என்னும் போக்கில், ‘கிங் ஹிஸ் கிரௌன்’ என்று எழுதி வந்தனர். ‘ஹிஸ்’ என்ற சொல்லே குறுகி ‘ஸ்’ ஆயிற்று என்றும் பலர் நம்பினர். 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதை மறுத்தார். பெண்பாற் பெயருக்கும் இந்த ‘ஸ்’ வருகின்றதே, பெண்ணின் பொருளுக்கு ‘அவனது’ என்னும் சொல் எவ்வாறு பொருந்தும் என்பது அவர் எழுப்பிய தடை. ஒரே கேள்வியில் நெடுங்கால நம்பிக்கை ஆட்டம் கண்டது. இலக்கணம் மனப்பாடம் அன்று, ஆராய்ச்சி என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழில் இதற்கு இணையான ஒரு நுட்பம் உண்டு. ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் அது, ஆது என்னும் உருபுகளையும், பன்மையில் அ என்னும் உருபையும் நன்னூல் கூறுகிறது. எனது கை, எனாது கை என்பன ஒருமை. என கைகள் என்பது பன்மை. இங்கே ஒருமையும் பன்மையும் யாரைப் பொறுத்தவை? உடையவரை அல்ல, உடைமையை. கை ஒன்றானால் அது. கைகள் பலவானால் அ. ஆங்கிலத்திலோ ‘ஹிஸ்’, ‘ஹெர்’ என்னும் சொற்கள் உடையவர் ஆணா பெண்ணா என்பதையே நோக்குகின்றன. உடைமை ஒன்றாயினும் நூறாயினும் அவற்றுக்குக் கவலை இல்லை.

‘அது’ என்னும் உருபு அஃறிணை ஒருமையைத் தழுவுவதால், உயர்திணைப் பெயரோடு அதைச் சேர்க்கலாகாது என்பது பழைய மரபு. ‘எனது மகன்’ என்று அம்மரபினர் எழுதார். ‘என் மகன்’ என்றே எழுதுவர். விரிக்க வேண்டுமானால், ‘எனக்கு மகன்’ என்று நான்காம் உருபு கொண்டு விரிப்பர். சங்கப் புலவர் ஒருவரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று குறிக்கும்போது, இடையே உருபு தோன்றாமல் நிற்பதைக் காண்கிறோம். இக்காலத்தில் ‘எனது தந்தை’ என்று எழுதுவது பெருவழக்காகிவிட்டது. வழக்கு மாறலாம், ஆனால், மகனையும் மாட்டையும் ஒரே உருபால் சுட்டலாகாது என்று எண்ணிய முன்னோரின் நுண்ணறிவை நாம் மறக்கலாகாது.

இனிப் பயன்தரும் விதிக்கு வருவோம். ஆங்கிலத்தில் மேற்குறியை எங்கே இடுவது? வழி ஒன்றே. தொகையை முதலில் தமிழில் விரித்துக்கொள்ளுங்கள். ‘மாணவர் விடுதி’ என்பது மாணவனுடைய விடுதியா, மாணவர்களுடைய விடுதியா? மாணவர்களுடையது என்று தெளிந்தபின், உடையவர் பெயரை ஆங்கிலத்தில் முழுமையாக எழுதி முடியுங்கள். முடித்த இடத்தில் மேற்குறியை இடுங்கள். அப்பெயர் ‘எஸ்’ எழுத்தில் முடியும் பன்மையானால் அதுவே போதும். இல்லையேல் குறிக்குப் பின் ஓர் ‘எஸ்’ எழுத்தைச் சேருங்கள். ‘சில்ட்ரன்’, ‘மென்’, ‘விமென்’ என்பன பன்மையாயினும் ‘எஸ்’ எழுத்தில் முடியாதவை. ஆதலால், அவற்றின் பின் குறியும் ‘எஸ்’ எழுத்தும் வரும். தாமஸ் போன்ற ஒருமைப் பெயர் ‘எஸ்’ எழுத்தில் முடிந்தாலும், ‘தாமஸிஸ்’ என ஒலிக்குமாறு குறியும் ‘எஸ்’ எழுத்தும் சேர்ப்பது பொதுவாக ஏற்ற முறை. குறியை மட்டும் இடுவோரும் உளர்.

இருவர்க்கு உரிய ஒரே பொருளானால், பின்வரும் பெயருக்கு மட்டும் உருபு போதும். ‘ராமன் அண்ட் கிருஷ்ணன்ஸ் ஹவுஸ்’ என்றால் இருவர்க்கும் பொதுவான ஒரு வீடு. தனித்தனி வீடுகளானால் இருவர் பெயருக்கும் தனித்தனியே உருபு வேண்டும்.

பிரதிப் பெயர்களின் நிலை வேறு. இங்கேதான் மாணவர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள். தமிழில் ‘நான்’ என்பது உருபு ஏற்கும் முன்னரே ‘என்’ என்று திரிகிறது. நீ என்பது உன். தான் என்பது தன். நாம் என்பது நம். இவ்வாறு திரிந்த சொல்லே உரிமையை உணர்த்தப் போதுமானது. ‘என் புத்தகம்’ என்றால் எந்த உருபும் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலும் இதே நிலைதான். ‘ஐ’ என்பது ‘மை’, ‘மைன்’ என்று திரிகிறது. அவ்வாறே ‘யூ’ என்பது ‘யுவர்’, ‘யுவர்ஸ்’. ‘ஷி’ என்பது ‘ஹெர்’, ‘ஹெர்ஸ்’. ‘ஹூ’ என்பது ‘ஹூஸ்’. சொல் தானே திரிந்து உரிமையைக் கூறிவிட்டபடியால், மேற்குறிக்கு அங்கே வேலை இல்லை. திரிந்த சொல்லுக்குக் குறி வேண்டா. திரியாத சொல்லுக்கே குறி வேண்டும். ‘ஒன்’, ‘சம்பாடி’, ‘எவ்ரிபாடி’ என்பன திரியாதவை. ஆகவே அவை மேற்குறி ஏற்கும்.

இவ்விதிக்கு விலகி நிற்பது ‘இட்ஸ்’ என்னும் ஒரே சொல். ‘இட்’ என்பது திரியாமலே ‘எஸ்’ எழுத்தைப் பெற்று, ஆனால் குறியின்றி நிற்கிறது. இதற்கும் வரலாற்றில் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அஃறிணைக்கும் ‘ஹிஸ்’ என்பதே உரிமைச் சொல். ‘இட்ஸ்’ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய புதுச் சொல். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பின் முதற்பதிப்பில் இச்சொல் இடம்பெறவில்லை. தோன்றிய பின்னும் நெடுநாள் வரை இதை மேற்குறியோடு எழுதினவர் பலர். 1800ஆம் ஆண்டை ஒட்டியே குறி நீங்கிய வடிவம் நிலைத்தது. இன்று மேற்குறியோடு எழுதினால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கம். குறியின்றி எழுதினால் ‘அதனுடைய’. ஐயம் வரும்போது, அவ்விடத்தில் ‘இட் இஸ்’, ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படியுங்கள். பொருள் பொருந்தினால் குறி இடுங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வடிவம் சரியாக இருந்தும் மரபு பிழைபடும் இடங்கள் சில உண்டு. ‘என் எல்லா நண்பர்களும்’ என்ற தமிழைத் தொடர்ந்து, ‘மை ஆல் ஃபிரெண்ட்ஸ்’ என்று சிலர் எழுதுவர்; ‘ஆல் மை ஃபிரெண்ட்ஸ்’ என்பதே மரபு. ‘என் நண்பர் ஒருவர்’ என்பதற்கு ‘ஒன் மை ஃபிரெண்ட்’ என்பர். ‘எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்’ என்பதே சரி. ‘கையைக் கழுவினேன்’ என்று நாம் சொல்கிறோம். யாருடைய கை என்று தமிழில் எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அங்கே ‘மை’ இன்றியமையாதது. ஒரே பிள்ளையாகப் பிறந்தவரும் தமிழில் ‘எங்கள் அம்மா’ என்பார். அது பணிவும் பாசமும் கலந்த வழக்கு. ஆங்கிலத்தில் ‘அவர் மதர்’ என்றாலோ, உடன்பிறந்தார் எத்தனை பேர் என்று கேட்பவர் எண்ணத் தொடங்குவார்.

அதே வேளையில், ஆங்கிலத்தால் காட்ட இயலாத வேறுபாடுகளைத் தமிழ் எளிதில் காட்டுவதையும் உணர வேண்டும். ‘நம் பள்ளி’ என்றால் கேட்பவருக்கும் அதில் பங்குண்டு. ‘எங்கள் பள்ளி’ என்றால் பங்கில்லை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘அவர் ஸ்கூல்’ ஒன்றே. இராமன் கோவிந்தனிடம் ‘ஹிஸ் புக்’ காணவில்லை என்று சொன்னதாக ஆங்கிலத்தில் எழுதினால், யாருடைய நூல் என்பது விளங்காது. தமிழில் ‘தன் நூலைக் காணவில்லை’ என்று இராமன் கூறினான் என்றால், நூல் இராமனுடையது என்பது ஐயமின்றித் தெரிகிறது. ஆகவே, ஆங்கிலத்தில் எழுதும்போது இத்தகைய இடங்களில் உடையவர் பெயரையே திரும்பச் சொல்வது நலம்.

இனி, உரிமை என்பதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஆறாம் வேற்றுமையின் பொருளை நம் இலக்கணம் கிழமைப் பொருள் என்று பெயரிட்டு, தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுத்தது. முருகனது கை என்பதில் கை பிரிக்க முடியாத உறுப்பு, அது தற்கிழமை. முருகனது வேல் என்பதில் வேல் வேறு, முருகன் வேறு, அது பிறிதின்கிழமை. பொருள் மட்டுமன்றி இடமும் காலமும் பிறிதின்கிழமையில் அடங்கும். ஆங்கிலத்திலும் இந்த ‘ஸ்’ உருபு உடைமையை மட்டும் குறிப்பது அன்று. ‘இன்றைய செய்தி’, ‘ஒரு நாள் பயணம்’ என்பவற்றுக்கும் அவ்வுருபே வருகிறது. இன்று என்னும் நாள் செய்தியை விலைகொடுத்து வாங்கியதா என்ன? தொடர்பே இங்கே பொருள்.

இந்த அறிவோடு சென்னைக் கடற்கரையின் ஊர்ப்பெயர்களைத் தெற்கிலிருந்து வடக்காக நோக்குவோம். எலியட்டின் கடற்கரை அவருடைய சொத்து அன்று. அவர் பெயர் அதற்கு ஏறியது, அவ்வளவே. பெசன்ட் நகரும் அம்மையாரின் உடைமை அன்று. விரிக்கப் புகுந்தால், ‘பெசன்ட் பெயரைக் கொண்ட நகர்’ என்று விரிப்பதே பொருத்தம். அவ்வாறு விரித்தால் அது ஆறாம் வேற்றுமைத் தொகையே அன்று. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை ஆகிவிடும். அந்தப் பெயரும் அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் அன்று. 1867இல் நடந்த திருமணத்தால் கணவர் வழியே வந்தது. அக்கடற்கரையிலேயே, 1930இல் பிறரைக் காக்க முயன்று கடலில் உயிரிழந்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. ஷ்மிட் நினைவுச் சின்னம் என்னும்போது, ஷ்மிட்டினது என்பதைவிட, ஷ்மிட்டுக்கு எழுப்பிய சின்னம் என்று நான்காம் வேற்றுமையால் விரிப்பதே முறை.

வடக்கே மயிலைக் கடற்கரையில் 1914இல் தொடங்கிய மகளிர் கல்லூரி, ஆங்கிலத்தில் ‘குயீன் மேரிஸ்’. தமிழில் இராணி மேரி கல்லூரி. அங்கே உருபு வெளிப்படை. இங்கே உருபு மறைவு. இன்னும் வடக்கே சென்றால் ‘பாரீஸ் கார்னர்’. இது தாமஸ் பாரி என்ற வணிகரின் பெயரால் வந்தது. 1788இல் தொடங்கிய வணிகம் அவருடையது. ஆயினும் அந்த ‘ஸ்’ பெயரோடு ஒட்டிக்கொண்டதால், பிரெஞ்சு நாட்டுத் தலைநகரை எண்ணுவோர் உண்டு. தமிழ் அந்த ‘ஸ்’ ஒலியைக் கழற்றிவிட்டுப் ‘பாரிமுனை’ என்று அழகாகத் தொகுத்துக்கொண்டது. இப்போது முல்லைக்குத் தேர் ஈந்த பறம்பு மலை வள்ளலை எண்ணுவோரும் உண்டு! உருபு நின்றாலும் மயக்கம், மறைந்தாலும் மயக்கம். விரித்துப் பார்க்கும் அறிவு ஒன்றே மயக்கத்தை நீக்கும்.

மாணவர்களே, ஆங்கில இலக்கணத்தை அயல்நாட்டாரின் புதிர் என்று எண்ணி அஞ்ச வேண்டா. எழுதுகோலை எடுக்கும் முன் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். உடையவர் யார்? அவர் ஒருவரா, பலரா? அவரைக் குறிக்கும் சொல் திரிந்ததா, திரியாததா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் மேற்குறி தானாகவே தன் இடத்தில் வந்து அமரும். நாளைய ஆங்கில நாளிதழில் ஒரு பக்கத்தை எடுத்து, மேற்குறி வரும் தொடர்களை எல்லாம் தமிழில் விரித்து எழுதிப் பாருங்கள். எவை உரிமையைக் குறிப்பவை, எவை எழுத்துக் குறைந்தமையைக் காட்டுபவை என்று பிரித்து வையுங்கள். ஒரு வாரம் இவ்வாறு பயின்றால், ஆங்கிலமும் தெளியும். ஆறாம் வேற்றுமையும் உங்களுக்கு உரியதாகும்.